ஆண்டறிக்கை: லாட்ரிக் குன்றும் பழைய ரயில் பாதையும்

அன்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மாதம் ஒரு நடை என்ற வழக்கத்தை இந்த ஆண்டும் காப்பாற்றினோம். மழையால் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எல்லா நடைகளையும் வரிசையாகச் சொல்லாமல், இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கெசிக் ஊரைச் சுற்றி செப்டம்பரில் நடந்ததைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் வேண்டுகோளும் அதிலிருந்து வருவதுதான்.

பழைய ரயில் நிலையத்திலிருந்து ஸ்பூனி கிரீன் லேன் வழியே ஏறினோம். 'ஃபெல்' என்று அங்கே சொல்லும் குன்றுகளில் லாட்ரிக் சிறியது, 368 மீட்டர்தான். பின்னால் நிற்கும் ஸ்கிடா மலை 931 மீட்டர். ஆனாலும் டெர்வென்ட்வாட்டர் ஏரியும் ஊரும் லாட்ரிக் உச்சியிலிருந்து மொத்தமாகத் தெரிகின்றன. அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பாதை சும்மா கிடைத்ததல்ல. நில உரிமையாளர் வழியை அடைத்ததால், 1887 அக்டோபரில் சுமார் 2,000 பேர் தடைகளை விலக்கிக்கொண்டு உச்சிக்கு நடந்தார்கள். முன்னின்று நடத்தியவர் ஹென்றி இர்வின் ஜென்கின்சன், ஊர்ப் பாதைப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர். அதே பொறுப்பில் இருப்பவனாக இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. அதைத் தொடர்ந்து வந்த வழக்கு மறு ஆண்டு சமரசமாகி, நாம் ஏறிய பாதை பொதுமக்களுக்கு உறுதியானது.

கிழக்கு முகட்டில் இறங்கி த்ரெல்கெல்ட் கிராமம் சேர்ந்தோம். முழங்கால் வலியால் மலையேறாத நான்கு பேர் பஸ்ஸில் முன்பே வந்து காத்திருந்தார்கள். அங்கிருந்து கெசிக்கிற்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பழைய ரயில் தடத்தில் எல்லோரும் ஒன்றாக நடந்தோம். வடகிழக்கில் டர்ஹாம் பக்கத்தில் நிலக்கரியிலிருந்து செய்த கோக் கரியை மேற்குக் கடற்கரை இரும்பு உலைகளுக்குக் கொண்டுபோகப் போட்ட தடம் அது. 1972இல் இந்தப் பகுதியில் ரயில் நின்றது. ரயில் போன தடம் என்பதால் சரிவு அதிகமில்லை. நம் முழங்கால்களுக்கும் அதுவே வசதியாகிவிட்டது.

தடம் கிரெட்டா ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. 2015 டிசம்பர் 5ஆம் தேதி டெஸ்மண்ட் புயல் வெள்ளத்தில் இரண்டு பாலங்கள் அடித்துப் போயின. சரியாக ஐந்து ஆண்டு கழித்து அதே தேதியில் பாதை மறுபடி திறந்தது. 1970களில் நெடுஞ்சாலை போட்டபோது மண்ணுக்குள் போன ரயில் சுரங்கப்பாதையையும் தோண்டியெடுத்திருக்கிறார்கள். அதற்குள் நடந்தபோது, அந்த நால்வரில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் உங்களோட நடக்கிறேன் தம்பி" என்றார்.

ஏறக்கூடியவர்களுக்கென்றே நடைகளைத் திட்டமிட்டு, மூத்தவர்களை நாம்தான் வீட்டில் உட்கார வைத்துவிட்டோம். தவறு என்னுடையதும்தான். வரும் ஆண்டில் நீண்ட நடை ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு சமதளப் பாதி இருக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். அந்தப் பாதியை வழிநடத்த இரண்டு பேர் தேவை. முன்வருபவர்கள் ஜனவரி முடிவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்