வாடகைக்கு ஜாமீன் நில்லுங்கள்: பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக்கு வந்து கல்விக் கண்காட்சி நடத்தி மாணவர் சேர்க்கும் பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பிரிவினருக்கும், உங்கள் சார்பில் இங்கே பேசும் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

செப்டம்பர் சேர்க்கைக்கு ஆஃபர் லெட்டர் அனுப்புகிறீர்கள். கட்டணம், டெபாசிட், கடைசித் தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. அங்கே வந்திறங்குபவர் வீடு எடுக்கும்போது அவருக்கு யார் ஜாமீன் நிற்பது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஜாமீனை நீங்களே நிற்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

விசாச் செலவை உங்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. ஓராண்டு முதுகலைக்கு வருபவர் மருத்துவக் கட்டணமாக மட்டும் 1,164 பவுண்டு கட்டுகிறார். படிப்பு ஓராண்டுதான், விசா அதற்கு மேலும் சில மாதங்கள் நீள்வதால் ஆண்டுத் தொகையான 776-உடன் அதில் பாதியும் சேர்ந்துவிடுகிறது. 2025 நவம்பர் 11 முதல் விண்ணப்பிப்பவர், வாழ்க்கைச் செலவுக்குக் கையில் இருப்பதாக, லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டும், லண்டன் என்றால் 13,761 பவுண்டும் காட்ட வேண்டும். வங்கிக் கணக்கில் காட்டினால் அது தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும்; ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் போய்விடும். இதெல்லாம் பெரிய தொகைதான். ஆனால் முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறது. நகையை அடகு வைத்தோ, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொடுத்தோ பெற்றோர் எப்படியாவது புரட்டிவிடுகிறார்கள்.

வாடகை வீடு அப்படி இல்லை. உங்கள் விடுதியில் இடம் கிடைக்காதவர் தனியார் வீட்டைத் தேடுகிறார். வீட்டு ஏஜென்ட் கேட்கும் முதல் கேள்வியே, ஜாமீன் போட பிரிட்டனில் ஆள் இருக்கிறாரா என்பது. அந்த ஆள் அங்கேயே வசிக்க வேண்டும். அவருடைய ஆண்டு வருமானம் மாத வாடகையைப்போல 36 மடங்கு இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் கேட்கப்படும் அளவு. மாதம் 700 பவுண்டு வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 25,200 பவுண்டு சம்பாதிக்கும் ஒருவர், நேற்று வந்த ஒரு பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் அப்பாவுக்கு என்ன சொத்து இருந்தாலும் அது செல்லாது. வாடகை பாக்கி விழுந்தால் கடல் கடந்து வந்து அவர்மேல் வழக்குப் போட எந்த வீட்டுக்காரரும் தயாரில்லை.

ஜாமீன் இல்லையென்றால் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டு என்பதே இத்தனை காலம் பதிலாக இருந்தது. அதே 700 பவுண்டு வீட்டுக்கு 4,200. அதோடு ஐந்து வார வாடகை டெபாசிட், ஏறக்குறைய 807. சாவி கைக்கு வருமுன் 5,007 பவுண்டு. விசாவுக்குக் காட்டிய ஒன்பது மாதப் பணத்தில் கிட்டத்தட்டப் பாதி முதல் வாரத்திலேயே காலி.

கல்விக் கடனில் வருபவரின் பாடு இன்னும் மோசம். வங்கி கட்டணத்தை நேராக உங்களுக்கு அனுப்புகிறது. சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணத்தைத் தவணை தவணையாகத்தான் விடுவிக்கிறது. மொத்தமாக வேண்டுமென்றால் கையெழுத்தான வாடகை ஒப்பந்தத்தைக் காட்டு என்கிறது. ஏஜென்டோ பணம் வந்தபிறகுதான் ஒப்பந்தம் என்று சொல்லிவந்தார். வீட்டைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகை, அதாவது 161 பவுண்டு, ஏற்கெனவே அவரிடம் போயிருக்கும். அதற்குக் கெடு வழக்கமாகப் பதினைந்து நாள். அதற்குள் வங்கி அசையாவிட்டால் வீடு கைநழுவுகிறது. தாமதம் மாணவருடையது என்று சொல்லி அந்த 161 பவுண்டையும் வைத்துக்கொள்ள ஏஜென்டுக்கு வழி இருக்கிறது. முகவரி இல்லாதவருக்கு வங்கிக் கணக்குத் திறப்பதும் இழுபறி. பகுதிநேர வேலை கிடைத்தாலும் சம்பளம் போடக் கணக்கு வேண்டுமே.

புதிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் இதைத் தீர்த்துவிடும் என்று நீங்கள் சொல்லலாம். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனால் ஜாமீன் கேட்பதை அது தடுக்கவில்லை. கடனை உடனை வாங்கி மொத்தமாகக் கட்டியாவது வீடு பிடிக்க இருந்த வழி அடைபட்டுவிட்டதால், ஜாமீன் இல்லாதவரை ஒதுக்கிவிட்டு அடுத்தவருக்கு வீட்டைக் கொடுப்பதுதான் ஏஜென்டுக்குச் சுலபம். அரசு ஏற்ற நடத்தை விதிகளில் சேர்ந்துள்ள பெரிய தனியார் மாணவர் விடுதிகளுக்கோ இந்த ஒரு மாத முன்வாடகை வரம்பே பொருந்தாது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் தரும் நிறுவனங்கள் உண்டு. டெபாசிட் போலத் திரும்பி வரும் பணமல்ல அது.

ஆகவே மறுபடியும் கேட்கிறோம்: முதல் ஆண்டு வாடகைக்குப் பல்கலைக்கழகமே ஜாமீன் நிற்கட்டும். சில பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே இதைச் செய்கின்றன, எனவே முடியாது என்பதில்லை. மாணவர் வாடகை தவறினால் மட்டுமே உங்கள் கையிலிருந்து பணம் போகும். அதையும் மாணவரின் கட்டணக் கணக்கில் ஏற்றி வசூலித்துக்கொள்ளலாம். வாடகைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், நியாயம்தான். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். உங்களிடம் முழுப் பதிவு முடிந்தபிறகுதான் விண்ணப்பிக்கலாம் என்றால் பயனில்லை, வீடு தேடுவது அதற்கு முன்பே நடக்கிறது, விசாவுக்காக நீங்கள் தரும் சேர்க்கை உறுதிச் சான்றான சி.ஏ.எஸ். கொடுத்ததையே தகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, நால்வர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் எடுக்கும் வீடு. அதில் ஒருவர் பாதியில் கிளம்பினால் அவர் பாக்கியும் மற்ற மூவர் தலையில் விழும், ஜாமீன்காரர் தலையிலும் விழும். உங்கள் ஜாமீன் அந்த மாணவரின் பங்குக்கு மட்டும் என்று தெளிவாக எழுதுங்கள். இல்லையென்றால் உங்கள் நிதிப் பிரிவே நாளைக்கு இந்தத் திட்டத்தை மூடச் சொல்லும்.

முதல் 220 பேர் போக மீதி வெளிநாட்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 925 பவுண்டு வீதம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களிடம் 2028 ஆகஸ்ட் முதல் வசூலிக்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. அதுவும் எங்கள் கட்டணத்தில்தான் வந்து விடியுமோ என்று இப்போதே பயப்படுகிறோம். உங்கள் நிதி நெருக்கடி எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பற்றாக்குறை வரும்போதெல்லாம் கை நீளுவது எங்கள் பக்கம்தான். உள்ளூர் மாணவரைவிடப் பல ஆயிரம் பவுண்டு கூடுதலாகக் கட்டுபவர்களுக்கு ஒரு கையெழுத்துப் போடக்கூட யோசிப்பது எந்த விதத்தில் நியாயம்?

கோபத்தில் சொல் சற்றுக் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். அடுத்த சேர்க்கையின் ஆஃபர் லெட்டரிலேயே, முதல் ஆண்டு வாடகைக்குப் பல்கலைக்கழகம் ஜாமீன் தரும், இன்ன தொகை வரை, இந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்கவும் என்று சேர்த்து அனுப்புங்கள். தர முடியாத பல்கலைக்கழகம் அதையும் அதே லெட்டரில் எழுதிவிடட்டும், டெபாசிட் கட்டுவதற்கு முன்பே எங்கள் பெற்றோர் முடிவெடுக்க வசதியாக இருக்கும்.

நன்றியுடன்,
பிரிட்டனில் படிக்கும் தமிழ் மாணவர்கள்