பேரனுக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டாயே

பினாங்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெரு வரை தனியாக நடந்து போய் வருகிறாய் என்று படித்ததும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். மருமகளுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். அதனால் பிள்ளைகள் இரண்டு பேரையும் தூங்க வைப்பது என் வேலை. பெரியவளுக்கு ஐந்து நடக்கிறது, சின்னவனுக்கு இரண்டரை.

உன் பேரனுக்குச் சந்தம் உள்ள படப் புத்தகமாகப் பார்த்து வாங்கு. மற்றதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஒரு வரியைப் பல தடவை கேட்ட பிறகு, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நான் கொஞ்சம் நிறுத்தினால் போதும், சின்னவன் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறான். இன்னும் மூன்று சொல் சேர்த்துப் பேச வராதவன், புத்தகத்தில் ஒரு வரியை முடித்து வைக்கிறான்! அப்போது அவன் முகத்தில் வரும் பெருமையை நீ பார்க்க வேண்டும். அடுத்த சொல் இதுதான் என்று ஓசையே அவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பொத்தானை அமுக்கினால் தானே பாடும் புத்தகங்கள் இப்போது நிறைய விற்கின்றன. அவற்றை வாங்காதே. அவை பிள்ளைக்காகக் காத்திருக்காது.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்த நமக்கு இது புதிதில்லை. பாட்டு அதிகம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் சீக்கிரம் படிப்பதை நாம் இருவரும் வகுப்பில் பார்த்திருக்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டில் பிராட்லி, பிரையன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நான்கைந்து வயதுப் பிள்ளைகள் 400 பேருக்கு மேல் எடுத்து, சில சொற்களைச் சொல்லி, ஓசையில் சேராத சொல் எது என்று கேட்டுச் சோதித்தார்கள். அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, 1983இல் முடிவை வெளியிட்டார்கள். சின்ன வயதில் ஓசை ஒற்றுமையைக் காதால் பிடித்த பிள்ளைகள் பின்னால் வாசிப்பிலும் எழுத்திலும் முன்னே நின்றார்கள். சொல்லின் முதல் ஓசை, நடு ஓசை, கடைசி ஓசை மூன்றையும் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். மோனையும் எதுகையும் இயைபும்தானே என்று எனக்குத் தோன்றியது.

ஆங்கிலத்தில் வாங்குவதானால் பழைய புத்தகங்களை நம்பி வாங்கலாம். டாக்டர் சூஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் ‘தி கேட் இன் தி ஹேட்’ 1957இல் வந்தது. அமெரிக்கப் பள்ளிகளின் வாசிப்புப் பாடநூல்கள் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டுகின்றன என்ற பேச்சு எழுந்த காலம் அது. சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, இதற்குள் ஒரு கதை எழுதுங்கள் என்று கேட்டார்கள். மனிதர் 236 சொற்களில் எழுதி முடித்தார். அப்புறம் 50 சொல்லில் ஒரு புத்தகம் எழுத முடியாது என்று பதிப்பாளர் பென்னட் செர்ஃப் பந்தயம் கட்டினார். 1960இல் ‘கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்’ வந்தது. அந்த ஐம்பதில் ஒரே ஒரு சொல்தான் ஓரசைக்கு மேல் போகிறது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் இவ்வளவு குதூகலத்தை வைத்தவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

தூங்கப் போகும் நேரத்துக்கு ‘குட்நைட் மூன்’. 1947இல் வந்தது. எழுதியவர் மார்கரெட் வைஸ் பிரவுன், படம் கிளெமென்ட் ஹர்ட். அறையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நல்லிரவு சொல்வதுதான் கதையே. ஆனால் படத்தை நிதானமாகப் பார். பெரிய அறையைக் காட்டும் வண்ணப் பக்கங்களில் ஒரு சின்ன எலி இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடிகாரம் ஏழு மணியில் தொடங்கி எட்டு பத்துக்கு வந்து நிற்கும். பக்கத்துக்குப் பக்கம் அறையில் வெளிச்சமும் குறைந்துகொண்டே போகும். நான் வரியைச் சொல்லச் சொல்லச் சின்னவன் எலியைத் தேடுகிறான். வரியில் எழுதாததைப் படம் சொல்வதுதான் நல்ல படப் புத்தகத்துக்கு அடையாளம் என்பது என் எண்ணம்.

பெரியவளுக்கு ‘கிரஃபலோ’மேல் உயிர். ஜூலியா டொனால்ட்சன் எழுதியது, 1999இல் வந்தது. சின்ன எலி ஒன்று, இல்லாத பூதத்தைச் சொல்லி நரி, ஆந்தை, பாம்பு மூன்றையும் விரட்டுகிறது. கடைசியில் அந்தப் பூதமே எதிரில் வந்து நிற்கிறது. இதற்கு மூலம் ஒரு சீனக் கதை. நரி புலியைப் பின்னால் நடக்கவிட்டு, காடே தன்னைப் பார்த்து நடுங்குவதாக நம்பவைக்கும். டொனால்ட்சனும் புலியை வைத்துத்தான் எழுத நினைத்தார். அதற்குச் சந்தம் அமையாமல் போனதால் பூதம் பிறந்தது! பெரியவள் கதையைக் கேட்டுவிட்டு, “பாட்டி, இது சாங் கஞ்சில் மாதிரியே இருக்கு” என்றாள். பாலர் பள்ளியில் அந்தச் சருகுமான் கதையை மலாயில் கேட்டிருக்கிறாள். புலியையும் முதலையையும் அறிவால் ஏமாற்றுகிற நம் ஊர்ச் சின்ன மிருகம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

படிக்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். ஆங்கில வரியின் நடுவே நிறுத்திப் பொருள் சொல்லாதே. ஓசை அறுந்தால் பிள்ளை எழுந்து போய்விடுவான். பக்கம் முடிந்ததும் படத்தைக் காட்டித் தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. திரும்பத் திரும்ப அதே புத்தகத்தைக் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் படி.

சரி, தமிழுக்கு வருகிறேன். எனக்கு மனக்குறையே இங்கேதான். பாட்டுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கென்று பாடிப் பாடிக் குவித்த அழ. வள்ளியப்பா ஒருவர் போதாதா? ஆனால் ஒரு பாட்டை எடுத்து, பக்கத்துக்கு இரண்டு வரியும் பெரிய படமுமாகக் கெட்டி அட்டையில் போட்ட புத்தகம் வேண்டும் என்று இங்கே லிட்டில் இந்தியா கடைகளில் தேடினால், ஒரே பக்கத்தில் நான்கு பாட்டை நெருக்கி, மூலையில் சின்னப் படம் போட்டதுதான் கையில் கிடைக்கிறது. ஆங்கிலப் புத்தகத்தின் அழகைப் பார்த்த பிள்ளை இதை எப்படித் தொடும்?

அதனால் நாங்களே ஒன்று செய்தோம். கவிமணியின் வெள்ளைப் பசுப் பாட்டு உனக்கு மனப்பாடமாக இருக்குமே. அதில் ஒரு வரி பசு, அடுத்த வரி கன்றுக்குட்டி என்று மாறி மாறி வரும். தோட்டத்தில் என்று தொடங்கினால் துள்ளி என்று வரும். முத்தம் என்றால் முட்டி. படப் புத்தகத்துக்கென்றே எழுதிவைத்தது போல இருக்கிறது. இடது பக்கம் பசு, வலது பக்கம் கன்று என்று தடித்த தாளில் பெரியவள் வரைந்தாள், நான் கொட்டை எழுத்தில் வரிகளை எழுதித் தைத்தேன். நாம் வளர்ந்த எஸ்டேட்டில் லயத்துக்குப் பின்னாலேயே மாட்டுக் கொட்டகை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்குப் பசு என்றால் பால் பெட்டியில் உள்ள படம்தான். அவள் வரைந்த பசுவுக்குக் கண்ணிமை எல்லாம் இருக்கிறது. நான் ‘வெள்ளை’ என்று நிறுத்தினால் சின்னவன் ‘பசு’ என்று கத்துகிறான், கன்றுக்குட்டி மட்டும் இன்னும் ‘கன்னுட்டி’தான்.

உன் பேரனுக்கும் ஒன்று தைத்து வைக்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருவாய் அல்லவா, அப்போது தருகிறேன். மஸ்ஜித் இந்தியா பக்கம் போனால் வள்ளியப்பா பாட்டுப் புத்தகம் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார். இருந்தால் இரண்டு பிரதி வாங்கி வா, பணத்தை இங்கே வாங்கிக்கொள். அதில் எந்தப் பாட்டுக்குப் படம் போடலாம் என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி