தந்தை நிரப்பிய கருவூலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் போர்த்திறன் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1740 டிசம்பரில் அவர், ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்த சைலீசியாவுக்குள் படை நடத்திச் சென்றதை விரிவாக எழுதிய கட்டுரையாளர், அந்தப் படையும் அதற்கான பணமும் எங்கிருந்து வந்தன என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டார். அவ்வாண்டு மே மாதம் மறைந்த தந்தை முதலாம் பிரெடெரிக் வில்லியம் விட்டுச்சென்றவை அவை.

1713இல் அவர் அரியணை ஏறியபோது ஏறத்தாழ 40,000 வீரர்கள் இருந்தனர். அவர் மறைந்தபோது அந்த எண்ணிக்கை 80,000ஐத் தாண்டியிருந்தது. இருபது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களே வாழ்ந்த நாடு அது. முதலில் அரசவையின் ஆடம்பரச் செலவுகளை ஈவிரக்கமின்றி வெட்டினார். தமக்குள் வழக்காடிக்கொண்டிருந்த போர்த்துறையையும் நிதித்துறையையும் 1723இல் ஒரே நிர்வாக அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்.

எனினும் நான் பெரிதும் மதிப்பது, படைச்செலவையே உள்நாட்டுத் தொழிலுக்கு ஆதாரமாக அவர் மாற்றிய விதத்தைத்தான். கச்சாக் கம்பளி வெளிநாடு செல்வதைத் தடுத்து, பெர்லினில் நிறுவிய நெசவாலையில் படையின் சீருடைத் துணியை நெய்வித்ததால், மக்களிடம் வரியாகத் திரண்ட பணத்தில் ஒரு பகுதி நெசவாளர் கைக்கே கூலியாகத் திரும்பியது. 1733இல் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஆள்சேர்க்கும் வட்டாரத்தை வரையறுத்தபோதும் இதே கணக்குத்தான்: பயிற்சி முடிந்த உழவர் மகன் ஆண்டின் பெரும்பகுதி தன் ஊர் வயலில் உழைப்பான், அந்த மாதங்களில் அவனுக்குப் படையிலிருந்து சம்பளம் தர வேண்டியதில்லை. கொள்ளைநோயில் வெறிச்சோடிக் கிடந்த கிழக்குப் பிரஷ்யாவில், கத்தோலிக்கப் பேராயர் ஆண்ட சால்ஸ்பர்க்கிலிருந்து துரத்தப்பட்ட 15,000க்கும் மேற்பட்ட புராட்டஸ்டன்ட் மக்களை 1732 முதல் நிலம் தந்து குடியேற்றியது, என் கருத்தில், அவர் ஆட்சியின் மிகச் சிறந்த செயல்.

இதற்காக அவரை நல்லரசர் என்று போற்ற நான் முன்வரவில்லை. உயரமான வீரர்கள் மீது கொண்ட மோகத்தால் பிற நாட்டு எல்லைக்குள்ளும் ஆள் கடத்த அவர் ஆட்களை அனுமதித்தார். வருவாயில் பெரும்பங்கைப் படையே விழுங்கியது. உழவரை நிலப்பிரபுக்களின் பிடியிலிருந்து விடுவிக்கவும் அவரால் இயலவில்லை, ஏனெனில் படையின் அதிகாரிகள் பெரும்பாலும் அந்தப் பிரபுக்களின் பிள்ளைகளே.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. யாரையும் கேளாமல் சேர்க்க முடிந்த செல்வத்தை யாரையும் கேளாமல் செலவிடவும் முடிந்தது. பெரும்போர்களைக் கூடியவரை தவிர்த்து வாழ்ந்த தந்தை அரண்மனை நிலவறையில் குவித்திருந்த சுமார் 80 இலட்சம் தாலர் வெள்ளி நாணயங்கள், மகன் பட்டத்துக்கு வந்த சில ஆண்டுகளில், சைலீசியப் போர்களில் பெரும்பாலும் கரைந்துபோயின. அந்தப் பணத்தை வரியாகக் கட்டியவர்களின் சம்மதத்தைக் கேட்க நாடு முழுவதற்குமான ஓர் அவைகூட அங்கே இருக்கவில்லை. இந்தப் பக்கத்தையும் விரிவாக எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்