மந்திரத்தையும் மந்திர விளம்பரத்தையும் ஒண்ணா போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் நாகப்பட்டினத்துல இருந்து எழுதறேன். வயசு 54. கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்ததுல இருந்து எங்க வீட்ல உங்க பேப்பர்தான். போன மாசம் ஞாயிறு இணைப்புல மந்திரம், தாயத்து, ஓதிப் பார்க்குறது, சித்தர் சமாதியில உக்கார்றது எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி மூடநம்பிக்கைன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, சரி அது எழுதினவரோட கருத்துன்னு விட்டுடலாம், ஆனா அதே பேப்பரை திருப்புனா கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்துல "கணவன் மனைவி வசியம், தீராத நோய் தீரும், 24 மணி நேரத்தில் பலன்"னு வரிசையா விளம்பரம் இருக்கு. முன் பக்கத்துல திட்டுறீங்க, பின் பக்கத்துல காசு வாங்குறீங்க. இதைப் பத்தி எழுதணும்னு அன்னைக்கே தோணுச்சு, எழுத உக்காந்தா என் கதையையும் சொல்லாம முடியாதுன்னு தெரிஞ்சதால இத்தனை நாள் ஆயிடுச்சு.

எங்க ஊரு எப்படின்னு முதல்ல சொல்லிடறேன். வடக்க நாகூர் தர்கா, தெற்க வேளாங்கண்ணி மாதா, நடுவுல நீலாயதாட்சி அம்மன், மேற்க போனா சிக்கல் சிங்காரவேலர், கொஞ்சம் தள்ளி வடக்குப் பொய்கைநல்லூர்ல கோரக்கர் சித்தர் சமாதி. பஸ் ஏறுனா ஒரே நாள்ல எல்லாத்தையும் பார்த்துட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். நாகூர்ல கந்தூரித் திருவிழா 14 நாள் நடக்கும், அங்க மொட்டை போடுற கூட்டத்துல பாதிக்கு மேல இந்துக்கள்தான் இருப்பாங்கன்னு எனக்குத் தோணும், தர்காவோட பெரிய மனாரா, அதான் அந்த உயரமான கோபுரம், தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக் கொடுத்ததுன்னு இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் காவி கட்டிக்கிட்டு நடந்து வர்றவங்கள்ல யாரு எந்த சாமின்னு நாங்க யாரும் கேக்குறதில்ல.

எங்க வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம் எனக்கு தூக்கமே கிடையாது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், சாப்பிட்டேன், அதை நான் குறை சொல்லல. ஆனா விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்து கூரையைப் பார்த்துக்கிட்டு கிடக்குற அந்த நேரத்துக்கு மாத்திரை இல்ல. அப்பதான் எங்க அப்பா வச்சிருந்த ருத்ராட்ச மாலையை எடுத்தேன், 108 மணி, நடுவுல ஒரு மேரு மணி, அதைத் தாண்டக்கூடாது, அது வந்ததும் மாலையைத் திருப்பிக்கிட்டு மறுபடி வரணும். பஞ்சாட்சரம்தான், வேற ஒண்ணும் பெரிசா தெரியாது. ஆறு மாசம் போச்சு. எதிர்வீட்ல ஒரு ராத்தா இருந்தாங்க, முஸ்லிம் அக்காவை இங்க அப்படித்தான் கூப்பிடுவோம், அவங்களும் பஜ்ருக்கு, அதான் விடியக்காலத் தொழுகைக்கு, எந்திரிக்கிறவங்க, என் வீட்டு லைட் எரியறதைப் பார்த்துட்டு ஒரு நாள் வந்து கேட்டாங்க, சொன்னேன், அவங்க கையில தஸ்பீஹ் மணி இருந்துச்சு, 99 மணி. சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34ன்னு தொழுகைக்கு அப்புறம் சொல்வாங்களாம், மணி இல்லைன்னா விரல் ரேகையிலயே எண்ணிக்கலாம்னாங்க. நானும் சொல்லலாமான்னு கேட்டேன். "சொல்லுடி, ஆனா கை கால் முகம் கழுவிட்டு வந்து சொல்லு, அடுப்புல பாலை வச்சிட்டு சொல்லாத"ன்னாங்க. அந்த வார்த்தை இன்னைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு.

அதுக்கு அப்புறம் என் கூட வேலை பார்த்த அக்கா ஒருத்தங்க 53 மணி ஜெபம் சொல்லிக் கொடுத்தாங்க, அருள் நிறைந்த மரியேவை முதல்ல மூணு, அப்புறம் பத்துப் பத்தா அஞ்சு தடவை, நடுவுல பரலோக மந்திரம். எனக்கு ஆசை வந்துடுச்சு. மூணையும் ஒரே காலையில செய்ய ஆரம்பிச்சேன். ஒரு மாலையை வச்சிட்டு இன்னொண்ணு, அதை வச்சிட்டு அடுத்தது. ரெண்டு வாரத்துல மறுபடி தூக்கம் போச்சு, எரிச்சலா வந்துச்சு, வாய் ஒண்ணை சொல்லும் மனசு இன்னொண்ணை எண்ணிக்கிட்டு இருக்கும். ராத்தாகிட்ட சொன்னேன், அவங்க திட்டுனாங்க, மூணு வீட்டு விருந்தை ஒரே இலையில கொட்டிக்கிட்டு வயிறு வலிக்குதுங்கறியேன்னாங்க.

ஒண்ணுக்கு மேல வழியில போறவங்களுக்கு நான் சொல்ல ஆசைப்படுறதும் இதுதான், ஒரு வீட்டுக்குள்ள போனா அந்த வீட்டு வழக்கப்படி இருக்கணும். ராமகிருஷ்ண பரமஹம்சர் 1866ல இஸ்லாம் முறையில சாதனை செஞ்சப்போ அந்த மூணு நாளும் அல்லாஹ் பேரைத்தான் சொன்னாராம், காளி கோயில் பக்கமே போகலையாம், இந்து சாமி படத்தைக் கூட பார்க்க மனசு வரலையாம். அப்புறம் 1874ல கிறிஸ்துவை தியானம் பண்ணப்பவும் அப்படித்தான். எல்லாம் ஒண்ணுன்னு மேடையில சொல்றது சுலபம், அவரு ஒவ்வொண்ணுக்குள்ளயும் முழுசா போயிட்டு வந்து சொன்னாரு.

அது எவ்வளவு கஷ்டம்னு தெரியணும்னா குளித்தலை பக்கத்துல தண்ணீர்ப்பள்ளியில காவேரிக் கரையில இருக்குற சாந்திவனம்ங்கற கிறிஸ்தவ ஆசிரமத்தைப் பார்க்கணும். நான் ரெண்டு தடவை போயிருக்கேன். 1950ல ரெண்டு பிரெஞ்சு பாதிரியாருங்க ஆரம்பிச்சது. அதுல ஹென்றி லெசோன்னு ஒருத்தர், அபிஷிக்தானந்தர்னு பேரு வச்சிக்கிட்டவரு, 1949ல திருவண்ணாமலை வந்து ரமணரைப் பார்த்தவரு, அப்புறம் அருணாசல மலைக் குகையில போய் போய் உக்காந்தவரு. பாதிரியாரா கிறிஸ்தவப் பூசை வைக்கிறதையும் விடல, அத்வைதத்தையும் விடல, ரெண்டுக்கும் நடுவுல வருஷக்கணக்கா அவர் பட்ட வேதனை அவரோட டைரியில இருக்கு. அவருக்கு அப்புறம் 1968ல வந்த இங்கிலாந்துத் துறவி பீட் கிரிஃபித்ஸ் அந்த இடத்தை நடத்துனாரு. காலையில சந்தனம், மத்தியானம் குங்குமம், சாயங்காலம் விபூதின்னு அங்க ஜெபத்துல ஒரு முறை உண்டு, அந்த விபூதியை இட்டுக்கிட்டு கோயில் தரையில உக்காந்தப்போ எனக்கு காரணமே இல்லாம அழுகை வந்துச்சு. நம்ம பக்கமே குணங்குடி மஸ்தான் சாகிபு இருந்தாரே, முஸ்லிம் சூஃபி, அவரு கடவுளையே மனோன்மணின்னு ஒரு பெண்ணா பாவிச்சு தேடித் தேடிப் பாடினாரு. இவங்க யாரையும் உங்க கட்டுரையில காணோம்.

இப்ப விளம்பரத்துக்கு வர்றேன். என் தங்கச்சி பையனுக்கு அஞ்சு வயசுல இருந்து வலிப்பு. ஒரு பேப்பர்ல வந்த விளம்பரத்தைப் பார்த்துட்டு என்கிட்ட கூட சொல்லாம ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டா. செய்வினைன்னு சொல்லி, தகடு, தாயத்து, நாற்பத்தெட்டு நாள் பூஜைன்னு கிட்டத்தட்ட 40,000 ரூபா, அதுவும் நகையை அடகு வச்ச காசு. காசு போனது கூட பரவாயில்ல, மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்காரு அந்த ஆளு, மந்திரத்துக்கு மருந்து ஆகாதாம். ஒன்பதாம் நாள் பையன் ஸ்கூல்ல விழுந்துட்டான், நாக்கு கிழிஞ்சு தையல் போட்டோம். நாங்க போன் பண்ணா எடுக்கவே இல்ல.

அதே பையனை வியாழக்கிழமை சாயங்காலம் மக்ரிப் தொழுகை முடியுற நேரத்துக்கு பள்ளிவாசல் வாசல்ல கூட்டிட்டுப் போய் நிக்கிறோம். குழந்தையைத் தூக்கிக்கிட்டு எத்தனையோ அம்மாங்க நிப்பாங்க, பொட்டு வச்சவங்க, சிலுவை போட்டவங்க எல்லாரும், தொழுதுட்டு வெளிய வர்ற பெரியவங்க ஒவ்வொருத்தரா ஓதி ஊதிட்டுப் போவாங்க. யாரும் பேரு கேட்டதில்ல, ஒரு ரூபா கேட்டதில்ல, மருந்தை நிறுத்துன்னு சொன்னதில்ல. அந்த ஊதுற காத்துல ஏதோ இருக்குன்னு நான் நம்பறேன், இதை எழுத எனக்கு வெக்கம் இல்ல. பையன் அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்குவான்.

எங்க அப்பா சித்த வைத்தியம் தெரிஞ்சவரு, அஷ்டகர்மம்னு எட்டு மந்திர வித்தை இருக்குன்னு சொல்வாரு, வசியம், மோகனம், தம்பனம், ஆகர்ஷணம், உச்சாடனம்னு போகும். தம்பனம்னா அலையுற மனசை நிறுத்துறது, உச்சாடனம்னா உனக்குள்ள இருக்குற கெட்டதை விரட்டுறது, அடுத்தவன் மேல ஏவுறதுக்கு இல்லன்னு அவர் அர்த்தம் சொல்வாரு. விளம்பரம் போடுறவங்களுக்கு இதுல வசியம் மட்டும்தான் தெரியுது, அதுக்கும் ரேட்டு.

சட்டமும் இருக்குங்க. 1954ல வந்த மருந்துகள் மற்றும் மந்திர நிவாரண விளம்பரச் சட்டம், மந்திரம், தாயத்து, கவசம் இதுகளால நோய் தீரும்னு விளம்பரம் பண்றது குற்றம்னு சொல்லுது, சட்டத்துல சொன்ன நோய்ங்க பட்டியல்ல வலிப்பும் இருக்கு, விளம்பரம் கொடுத்தவர் மட்டும் இல்ல வெளியிடுறதுல பங்கு எடுத்தவங்களுக்கும் பொருந்தும், முதல் தடவைக்கே ஆறு மாசம் வரைக்கும் சிறை இருக்கு. இது உங்க ஆபீசுக்கு தெரியாம இருக்காது.

அந்தப் பக்கத்தை நிறுத்துங்க. நோய் தீரும்னு வர்ற விளம்பரம் ஒண்ணு கூட வாங்காதீங்க. கட்டுரை எழுதினவரை இங்க அனுப்புங்க, அவரு நம்பணும்னு இல்ல, பௌர்ணமிக்கு கோரக்கர் சமாதியில ஒரு ராத்திரி உக்காரட்டும், வியாழக்கிழமை பள்ளிவாசல் வாசல்ல எங்க கூட நிக்கட்டும், பார்த்ததை எழுதட்டும். சாப்பாடு எங்க வீட்ல.

ராத்தா போன ரமலானுக்கு முன்னாடி மௌத்தாயிட்டாங்க. அவங்க மகள் அந்த தஸ்பீஹை என்கிட்ட கொடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமை விடியக்காலம் மட்டும் அதை எடுக்கிறேன், கை கால் கழுவிட்டு, அடுப்பை அணைச்சிட்டு.

இப்படிக்கு,
உங்க வாசகி, நாகப்பட்டினம்