கொடைக்கானல் காட்டேஜ்காரர்களுக்கு: ஓடைக்கரைப் புதரைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்

காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்தும் அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம்.

போன மழைக்காலத்தில் ஒரு காட்டேஜுக்குப் போயிருந்தேன். பின்பக்கம் சோலையிலிருந்து இறங்கும் சின்ன ஓடை. வருகிறவர்கள் தண்ணீரைப் பார்த்து உட்காரட்டும் என்று கரைப் புதரையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிப் போட்ட கிளை ஒன்றில் சோப்பு நுரை போல ஒரு கைப்பிடி அளவு ஒட்டியிருந்தது. மேலே காய்ந்து லேசாகப் பழுப்பேறியிருந்தது. விரலால் விலக்கினால் உள்ளே ஈரம், ஜவ்வரிசி மாதிரி முட்டைகள். தவளைக் கூடு. உரிமையாளரிடம் காட்டினேன். "இந்தத் தவளைதான் ஊட்டியில நிறைய இருக்கே, விடுங்க" என்றார்.

அங்கே இருப்பது இது இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஊட்டிப் பக்கத்துத் தவளைக்கு 1853-இலேயே ஜெர்டன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் பெயர் வைத்துவிட்டார். நம்மூர்த் தவளைக்குத் தனிப்பெயர் கிடைத்தது 2008-இல்தான். தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் உடன் இருவரும் மரபணுவையும் உடல் அமைப்பையும் ஒப்பிட்டு, இரண்டும் நெருங்கிய சொந்தம், ஆனால் வெவ்வேறு இனம் என்று காட்டினார்கள். இரண்டுக்கும் சேர்த்து 'காட்டிக்ஸாலஸ்' என்று புதுப் பேரினமும் அமைத்தார்கள். (அதில் வரும் 'காட்' மேற்குத் தொடர்ச்சி மலையின் 'காட்ஸ்', நம் காடு இல்லை. எனக்கு அதில் சின்ன வருத்தம்தான்.) நம்முடையதன் இனப்பெயர் 'ஆஸ்டிராப்ஸ்', அதாவது நட்சத்திரக் கண்.

ஊட்டி மலைக்கும் நம் மலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். குளிர்ந்த மலை ஓடையை நம்பி வாழும் தவளை அந்த வெயிலைத் தாண்டி வராது. இங்கே அழிந்தால் ஊட்டியிலிருந்து வந்து யாரும் ஈடுகட்டப் போவதில்லை.

இந்த வகைத் தவளை ஓடைக்கு மேல் தொங்கும் இலையில் நுரை கட்டும். முட்டை பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் நேரே ஓடும் தண்ணீரில் விழ வேண்டும். புதரை எடுத்துவிட்டால் கூடு எங்கே தொங்கும்?

உட்கார ஓர் இடம் வேண்டுமா, சரி, அந்த ஓர் இடத்தில் மட்டும் வெட்டுங்கள். மற்ற கரையை, மழை மாதங்களிலாவது, தொடாதீர்கள். கூட்டோடு கிளை வெட்டுப்பட்டுவிட்டால் தூக்கி எறியாமல் தண்ணீருக்கு மேலாகக் கட்டிவிடுங்கள். அன்று நான் அப்படித்தான் கட்டிவிட்டு வந்தேன். நாலைந்து நாள் கழித்துப் போனபோது நுரை இளகி, சொட்டுச் சொட்டாக ஓடையில் விழுந்துகொண்டிருந்தது.