இனி மருத்துவர் சீட்டு இருந்தால்தான் ஆன்டிபயாடிக்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பண்ணை வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் முதல் கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் எங்கள் கடையில் ஆன்டிபயாடிக் தர மாட்டோம். தீவனத்திலோ தண்ணீரிலோ தினமும் கலப்பதற்கென்று யார் கேட்டாலும் கிடையாது. இத்தனை வருடம் நாங்களே எடுத்துக் கொடுத்த பொருள்தானே என்று நீங்கள் கேட்பது நியாயம். கல்லாவில் நின்றபடி இரண்டு வார்த்தையில் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பிராணிகளுக்குத் தினமும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் அதற்கு அடங்காத கிருமிகள் வளர்ந்து மனிதர்களிடமும் வந்து சேரும். அதை விளக்கத்தான் இந்த மடல்.

'மாட்டுக்குக் கொடுத்த மருந்து மாட்டோடு போச்சு' என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். ஆனால் கொட்டகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவது பெரும்பாலும் ஒரே குடும்பத்து மருந்துகள். டெட்ராசைக்ளின், அமாக்சிசிலின் இரண்டும் இரு பக்கமும் உண்டு. கோழிக்கும் கன்றுக்கும் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின், உடலுக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கக்கூடிய அதே மருந்து.

ஒரு கோழியின் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மருந்து போனதும் வலுவில்லாதவை சாகின்றன, தாக்குப்பிடிக்கும் சில மிஞ்சுகின்றன. காலியான இடமெல்லாம் அவற்றுக்கே. சாதகமான சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும் என்றால் மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலக்கும் சிறு அளவு இதில் ரொம்ப மோசம். அது எந்த நோயையும் தீர்ப்பதில்லை. வலுவான கிருமியைப் பொறுக்கியெடுத்து வளர்க்கும் வேலையை மட்டும் நாள் தவறாமல் செய்கிறது.

எங்களுக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆன விஷயம் அடுத்தது. பல பாக்டீரியாக்களில் மருந்தை எதிர்க்கும் இந்தச் சக்தி பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையத்தில் இருக்கிறது. ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். கோழிக்குத் தீங்கே செய்யாத ஒரு கிருமி எச்சத்தில் வந்து, கை வழியாக மனிதக் குடலுக்குப் போய், அங்கிருக்கும் நோய்க்கிருமியிடம் அதைக் கொடுக்க முடியும்.

அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்ற ஆய்வாளரின் குழு இதை ஒரு பண்ணையிலேயே பார்த்து 1976இல் வெளியிட்டது. டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் தின்ற கோழிகளின் குடலில் சீக்கிரமே அந்த மருந்துக்கு மசியாத கிருமிகள் நிறைந்தன. சில மாதங்களில் பண்ணை வீட்டில் இருந்தவர்களின் மலத்திலும் அவை பெருகியிருந்தன. மருந்தைத் தின்றவை கோழிகள் மட்டுமே.

கோலிஸ்டின் கதை இன்னும் கலங்க வைக்கும். வேறெதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுத்துப் பார்க்கும் மருந்து அது. அதை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைப் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் பார்த்ததாக 2015இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதுவும் பிளாஸ்மிட்டில். பன்றித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கோலிஸ்டினைக் கலப்பதை 2017இல் சீனா நிறுத்தியது. அதன் பிறகு எடுத்த கணக்குகளில் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் அந்த எதிர்ப்பு குறைந்திருந்தது. நாங்கள் இந்த முடிவுக்கு வரத் தைரியம் கொடுத்தது இந்தச் செய்திதான்.

கிருமி ஒரு பக்கமாக மட்டும் போவதில்லை. சி.சி.398 என்ற ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வகை மனிதரிடமிருந்து கால்நடைக்குப் போய், அங்கே மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காததாகி, பன்றி வளர்ப்பவர்களிடமே திரும்பி வந்தது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. கொட்டகைக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

சரி, மருந்தை நிறுத்தினால் நஷ்டம் வராதா? டென்மார்க்கில் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்குகளை நிறுத்தியபோது, பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது உண்மை. சிகிச்சைக்கான மருந்து கொஞ்ச காலம் அதிகம் தேவைப்பட்டது. ஆனாலும் அங்கே பன்றி வளர்ப்பு படுத்துவிடவில்லை. முதல் சில மாதங்கள் உங்களுக்கும் சிரமம் இருக்கலாம். அதை மறைக்க விரும்பவில்லை.

நோய் வந்த பிராணிக்கு மருந்தே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. துடிக்கும் மாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்க யாராலும் முடியாது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் கொடுங்கள். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலும் (ராணிக்கெட்) மாட்டுக்கு வரும் கோமாரியும் வைரஸால் வருபவை. அந்த வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது, தடுப்பூசிதான் வழி. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை விற்கக் கூடாது என்று கன்றுக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து வேண்டாம். அந்தப் பாலில் இருக்கும் சிறு அளவு மருந்து கன்றின் குடலில் அதே வேலையைத்தான் செய்யும். அப்புறம், மருந்துக்குப் பிறகு பால் ஊற்றாமல் நிறுத்தி வைக்கும் நாட்கள் மருந்தின் மிச்சம் வெளியேறுவதற்கு. எதிர்ப்பு பெற்ற கிருமி அந்த நாட்களோடு போய்விடாது.

சீட்டை போனில் படம் எடுத்துக் காட்டினாலும் போதும். வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக் பாக்கெட்டுகளைக் குப்பையிலோ வாய்க்காலிலோ போடாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள், பிரித்தவையாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறோம்.

அன்புடன்,
கடையில் இருக்கும் நாங்கள் எல்லோரும்