போலீஸ் இல்லாத சிக்னல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு, திருச்சி புத்தூர் நால்ரோட்டில் சிவப்பு விளக்குக்கு ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தேன். பின்னால் ஏழு வயதுப் பேத்தி. போக்குவரத்துப் போலீசார் யாரும் இல்லை. மூன்று பைக்குகள் வேகத்தைக்கூடக் குறைக்காமல் எங்களைத் தாண்டிப் போயின. பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. "அம்மாச்சி, போலீஸ்தான் இல்லையே, நாம மட்டும் ஏன் நிக்கிறோம்?" என்று கேட்டாள் பேத்தி.

பி.எட். படித்தவர்களுக்கு லாரன்ஸ் கோல்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளரின் பெயர் நினைவிருக்கும். ஒழுக்க வளர்ச்சியை மூன்று நிலைகள், ஆறு படிகள் என்று வகுத்தவர். டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இன்றும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். ஒருவர் என்ன செய்தார் என்பதைவிட, ஏன் செய்தார் என்றுதான் அவர் பார்த்தார். அடி விழும் என்று பயந்து கீழ்ப்படிவது முதல் படி. அது குழந்தையின் படி.

நம் சாலையில் பெரியவர்கள் பலர் அங்கேயே நிற்கிறார்கள். ஹெல்மெட்டையே பாருங்கள். முழங்கையில் பை மாதிரி தொங்கிக்கொண்டு வரும். தூரத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் தலைக்கு ஏறும், வாரை மாட்டுவதில்லை. வளைவு தாண்டியதும் மறுபடி முழங்கைக்கே இறங்கிவிடும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஹெல்மெட் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானது. அபராதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதனால் தப்பிய தலைகள் உண்டு. ஆனால் அந்தப் பயம் கேமரா இருக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது.

அந்த நால்ரோட்டில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியாஸ்பத்திரி பக்கம் என்பதால் ஆம்புலன்ஸ் வந்தபடி இருக்கும். சைரன் கேட்டதும் சிலர் கோட்டைத் தாண்டி, சிவப்பிலேயே வண்டியை முன்னே நகர்த்தி வழி விடுகிறார்கள். வேறு சிலர் அதே ஆம்புலன்சின் வாலைப் பிடித்துக்கொண்டு சிக்னலைக் கடந்துவிடுகிறார்கள். கோட்டைத் தாண்டியது இருவரும்தான். முதலாமவர் முன்பின் தெரியாத ஒரு நோயாளிக்காகத் தாண்டினார். இரண்டாமவர் அந்த நோயாளியின் அவசரத்தைத் தன் வசதிக்குத் திருடிக்கொண்டார். இதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

விதியை மீறுகிறவர் எல்லாரும் கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன். யூ-டர்ன் எடுக்க வெகுதூரம் போகவேண்டிய பைபாசில், எதிர்த்திசையில் ஓரமாக வருகிறவர்களில் பலர் பெட்ரோல் காசை எண்ணிப் பார்க்கிறவர்கள். அது ஆபத்துதான், நியாயப்படுத்தவில்லை. ஆனால் சாலை போடுகிறவர்களும் அந்த இடத்தில் யோசிக்க வேண்டும்.

பேத்திக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அந்தப் பக்கம் பச்சை விழுந்திருக்குல்ல? நாம நிப்போம்னு நம்பித்தான் அவங்க வர்றாங்க." அவள் குறுக்கே வந்த வண்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு டிவிஎஸ் 50-இல் அப்பா, அம்மா, நடுவில் தூங்கி வழியும் குழந்தை. அதன்பின் அவள் கேள்வி கேட்கவில்லை.

பள்ளிகளில் சாலைப் பாதுகாப்பு வாரம் என்றால் சின்னங்களை வரையச் சொல்லி மதிப்பெண் போடுகிறோம். வரையட்டும். கூடவே, "யாரும் பார்க்கவில்லை என்றால் நிற்பாயா, ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்டு, பிள்ளைகளை ஒரு பீரியட் முழுக்கப் பேச விடலாம். எல்எல்ஆர் என்ற பழகுநர் உரிமம் எடுக்க வரும் இளைஞர்களிடமும் இதையே கேட்கலாம். எட்டுப் போடத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து உரிமம் கொடுத்தால் போதாது. பள்ளிக் கல்வித் துறையும் போக்குவரத்துத் துறையும் வரும் கல்வியாண்டுக்குள் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
உறையூர், திருச்சி.